மீட்டர் காட்டுவதும் கேபிளில் ஓடுவதும்

கானாடுகாத்தான் கேபிள்காரர்:
கேபிளில் தொலையும் சிக்னலை டெஸ்ட் மீட்டரில் எப்படிச் சரிக்கட்டினீர்கள் என்று இங்கே அனுபவம் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். கல்யாணத்துக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த நேரம் பார்த்து, பின்கட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆச்சி எடுத்ததுமே சொல்லிவிட்டார்: “சுவத்துல துளை போட்டுறாதீக தம்பி.” அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ட்ரில்லை வைக்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் கேபிள் மாடியைச் சுற்றிப் போய் 80 மீட்டர் ஆகியிருந்தது.

எனக்கு முன்னால் வந்த பையன், முகப்பிலிருக்கும் ஆம்ப்ளிஃபயரின் டெஸ்ட் பாயிண்டில் (மீட்டரை மாட்டி அளக்கும் முனை) சிக்னல் அளவு 80 டிபி (டெசிபல்) மைக்ரோவோல்ட் என்று பார்த்துவிட்டு, போதாது என்று மீட்டர் 92 காட்டும் வரை கெயினை, அதாவது பெருக்கும் அளவை, ஏற்றியிருந்தான். அந்த முனை 20 டிபி குறைத்துத்தான் காட்டும், பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அதாவது முதலில் 100 சரியாகவே வந்திருக்கிறது, இப்போது 112. ஆம்ப்ளிஃபயர் திணறி எல்லாச் சேனலையும் கெடுத்துவிட்டது.

கெயினை இறக்கியதும் கீழ் அலைவரிசைச் சேனல்கள் தெளிந்தன, மேல் அலைவரிசைச் சேனல்கள் மசியவில்லை. ஆர்ஜி-6 கேபிள் 100 மீட்டருக்கு 55 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 டிபி தின்னும், 550இல் 16. இங்கே 80 மீட்டருக்கு 4, 13. கேபிளுக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணைக் கூட்டினால் ஏதோ ஒரு பக்கம் கணக்கு உதைக்கும். ஆம்ப்ளிஃபயரில் ஸ்லோப்பை (மேல், கீழ் அலைவரிசைகளின் அளவு வித்தியாசத்தை மாற்றும் திருகு) திருப்பி மேல் பக்கத்தை 9 டிபி தூக்கினேன், படம் நின்றது.

இரவல் மீட்டர் வாங்குகிறவர்கள் முதலில் ஆஃப்செட் (இழப்பை ஈடுகட்ட மீட்டர் தானாகக் கூட்டிக் காட்டும் எண்) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆள் போட்ட 20 அப்படியே உட்கார்ந்திருக்கும்.

காரைக்குடி லேப்காரர்:
அண்ணே, எங்கள் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையிலும் சிக்னல் எவ்வளவு என்று திரையில் காட்டும் கருவி) இதே கூத்து வேறு மாதிரி. 75 ஓம் லைனை 50 ஓம் கருவியில் மாட்ட, இரண்டையும் பொருத்தும் மேட்சிங் பேட் போட்டால் 5.7 டிபி போய்விடும். டெஸ்ட் கேபிளின் இழப்பையும் அளந்து (கேபிள் இல்லாமல் ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை, வித்தியாசம்தான் இழப்பு) இரண்டையும் ஆஃப்செட்டில் கூட்டுவோம். திரையில் எண் சரியாகிவிடும். ஆனால் இரைச்சல் கோடும் (சிக்னலே இல்லாதபோதும் கருவி காட்டும் அடிமட்டம்) அதே அளவு மேலே ஏறும். தொலைந்த சிக்னலை ஆஃப்செட் திருப்பிக் கொண்டுவராது. பலவீனமான சிக்னல் இரைச்சலுக்குள் கிடந்தால் கிடந்ததுதான்.

டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கிறவர்களுக்கு ஒன்று. சக்தியை டிபிஎம்மில் (1 மில்லிவாட்டுக்கு எத்தனை டிபி மேலே என்று) சொல்வோம், 40 டிபிஎம் என்றால் 10 வாட். நடுவில் சிக்னலைக் குறைக்கும் 20 டிபி அட்டென்யுவேட்டர் போட்டால் கருவிக்குள் போவது 20 டிபிஎம்தான், சரி. மீதிச் சூடு முழுக்க அந்த அட்டென்யுவேட்டர் தலையில். 2 வாட் தாங்குகிறதை மாட்டிக் கருக்கிய வாசனை எங்கள் லேபில் எல்லாருக்கும் தெரியும்.

தேவகோட்டை ஃபைபர்:
நம்ம ஃபைபர் பக்கம், ஒரு லைனை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்பிளிட்டரே சுமார் 10 டிபி தின்னும். பவர் மீட்டரில் அலைநீளத்தை லைனில் வரும் ஒளிக்கு ஏற்ப 1490 நானோமீட்டருக்கு மாற்றாமல் அளந்துவிட்டு, இழப்பைக் கூட்டிக் கழித்து மல்லுக்கட்டுகிற ஆட்களை வாராவாரம் பார்க்கிறேன். அண்ணே, அந்த 80 மீட்டரையே ஃபைபரில் இழுத்துவிடலாமே, ஆச்சி சம்மதிப்பார்களா?