மறு: ‘ஸ்ட்ராட்டிபிகேஷன்’, தமிழில் என்ன சொல்வது?

லண்டன் டீச்சர்:
வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பூங்காவில் குதிரைக் கஷ்கொட்டை (ஹார்ஸ் செஸ்ட்நட்) பொறுக்கி வந்திருக்கிறார்கள். நூலில் கோத்து ஒன்றோடொன்று அடித்து விளையாடி உடைத்தது போக, மிச்சத்தை முளைக்கப் போட வேண்டுமாம். பெற்றோருக்கு ஒரு பக்கச் செய்முறை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விதையை ஈரமணலில் பொதிந்து மூன்று நான்கு மாதம் ஃபிரிட்ஜில் வைப்பதற்கு ஒரு சொல் தாருங்கள்.

நன்னூலடிமை:
மணல் ஒரு அடுக்கு, விதை ஒரு அடுக்கு என்று வைத்த பழைய வழக்கத்தால் வந்த இலத்தீன் பெயர் அது. ஆகவே ‘அடுக்கீடு’. குளிரும் வேண்டுமென்றால் ‘கூதிரடுக்கீடு’.

கரிசல்காட்டான்:
ஐயா, கூதிர் என்பது ஐப்பசி கார்த்திகை, மழைக் குளிர். இந்த மரமோ பால்கன் மலைக்காரன். 1576இல் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் வியன்னாவுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் ஐரோப்பியப் பூங்காவெல்லாம் பரவியது. அதற்கு வேண்டியது பனிக்காலம். முன்பனி, பின்பனி இரண்டும் சும்மா இருக்க, கூதிரை ஏன் இழுக்கிறீர்கள்?

தனித்தமிழ்த் தம்பி:
முதலில் ‘கஷ்’ஷை எடுங்கள். ‘இவுளிக்கொட்டை’ எனலாம். இலை உதிர்ந்த கிளையில் பாருங்கள், தழும்பு அச்சு அசல் லாடம், ஆணித் தடம் உட்பட!

லண்டன் டீச்சர்:
தம்பி, இவுளி என்றால் குதிரை என்று எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கஷ்கொட்டையில் வேறு சிக்கல் இருக்கிறது. சுட்டுத் தின்கிற கஷ்கொட்டை வேறு மரம், இது நஞ்சு. ‘தின்னக்கூடாது’ என்று பெரிய எழுத்தில் போடுகிறேன். இப்போது ஸ்ட்ராட்டிபிகேஷனுக்கு வருவோமா?

மொழிபெயர்ப்பாளர்:
‘குளிர்பதனம்’. முடிந்தது.

நன்னூலடிமை:
முடியவில்லை. வினைத்தொகையானால் குளிர்பானம் போல வலி மிகாது. குளிரைப் பெயராகக் கொண்டால் ‘குளிர்ப்பதனம்’. எது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கரிசல்காட்டான்:
ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் உருளைக்கிழங்குக் கிடங்குதான் ஞாபகம் வரும்.

லண்டன் டீச்சர்:
அதேதான் என் பயமும். ஒரு அம்மா கொட்டைகளைத் திறந்த கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் பளபளப்பு போய்விட்டது. அழுத்தினால் தோல் உள்ளே அமுங்குகிறது. இது நெல் மாதிரி காயவைத்துச் சேமிக்கிற விதை இல்லை, உலர்ந்தால் செத்துவிடும். சொல்லில் ஈரம் இருந்தே ஆக வேண்டும்.

கரிசல்காட்டான்:
அப்படியானால் ‘ஈரக்குளிர் நேர்த்தி’. விதை நேர்த்தி என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்த சொல். ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, என் ஓட்டும் அதற்கே. மணி பன்னிரண்டு.

தனித்தமிழ்த் தம்பி:
இதில் கிரந்தம் இல்லை. எனக்குச் சம்மதம்.

லண்டன் டீச்சர்:
நன்றி, அதையே போடுகிறேன். கீழே அடைப்புக்குள் ‘ஈரமணலில் குளிர வைத்தல்’ என்றும் எழுதிவிடுகிறேன். தண்ணீரில் மிதக்கும் கொட்டையைத் தள்ளிவிடுங்கள், வேர் எட்டிப் பார்த்ததும் ஆழமான தொட்டிக்கு மாற்றுங்கள், பூவுக்குப் பத்து வருஷத்துக்கு மேலும் காத்திருக்க நேரலாம் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

நன்னூலடிமை:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். நேர்த்தி என்றால் ஆள் செய்வது. மரத்தடியில் சருகுக்குள் தானாக விழுந்து, தானாகக் குளிர்ந்து, பங்குனியில் தானாக முளைக்கிற விதைக்கு நேர்த்தி செய்தவர் யார்? ‘அடுக்கீடு’ம் பொருந்தாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.