காலிங் பெல் பலகைல ஒரு கிராமமே இருக்கு: ஐரோப்பாக்காரங்க பேரும் நம்ம அனுபவமும்

ஜெர்மனி வந்து ஆறு வருஷம் ஆச்சு, ஆனா எங்க பில்டிங் வாசல்ல இருக்குற காலிங் பெல் பலகைய ஒழுங்கா படிச்சது போன மாசம் தான். இங்க பெரும்பாலும் ஃபிளாட் நம்பர்னு ஒண்ணு கிடையாது, பெல் பக்கத்துல குடும்பப் பேரு மட்டும் தான், அது ஒட்டலேன்னா லெட்டரே வந்து சேராது. அன்னைக்கு சாவிய உள்ளயே வெச்சு கதவ சாத்திட்டேன், பூட்டு திறக்குற ஆளு வர ஒரு மணி நேரம் ஆகும்னுட்டாரு, குளிர்ல நின்னுக்கிட்டு வேற வேலை இல்லாம ஒவ்வொரு பேரா படிச்சேன். முல்லர், ஷ்னைடர், வாக்னர், ஃபிஷர், ஸிம்மர்மன், ஷுல்ட்ஸ்.

கீழ் வீட்டுத் தாத்தா நாய கூட்டிட்டு வந்தவரு, என் நிலைமைய பாத்துட்டு பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணா விளக்குனாரு. முல்லர்னா மாவு மில்லுக்காரர், ஷ்னைடர் தையல்காரர், வாக்னர் வண்டி செய்யுறவர், ஃபிஷர் மீன் பிடிக்கிறவர், ஸிம்மர்மன் தச்சர், ஷுல்ட்ஸ் ஊர் நாட்டாமை. கார் ரேஸ் ஷூமாக்கர் இருக்காரே, அது செருப்பு தைக்கிறவர். நாட்டாமைல இருந்து தச்சர் வரைக்கும் எங்க மாடிப்படில தான் ஏறி இறங்கிட்டு இருந்திருக்காங்க, எனக்கு தான் தெரியல.

நாட்டுலயே அதிகம் பேரு வெச்சிருக்குற குடும்பப் பேரு முல்லர் தானாம். மில்லுக்காரங்க அவ்ளோ பேரா இருந்தாங்கன்னு கேட்டேன். தாத்தா சொன்னது தான் எனக்குப் பிடிச்சது: ஊருக்கு ஒரு மில்லு, ஒரே ஒரு மில்லுக்காரர், அதனால தான் "எந்த ஹான்ஸ்? மில்லுக்கார ஹான்ஸ்"னு சொன்னா உடனே ஆளு தெரிஞ்சிரும். ஊருக்குள்ள ஒருத்தருக்கு மட்டும் இருந்த பேரு, ஆயிரக்கணக்கான ஊரையும் கூட்டுனா நம்பர் ஒன் ஆயிருச்சு. விவசாயின்னு பேரு வெச்சா அங்க எவனுக்குமே அடையாளம் ஆகாதுல்ல.

நம்ம கதை என்னன்னா, எனக்கு குடும்பப் பேரு இடத்துல அப்பா பேரு முருகேசன். "ஹெர் முருகேசன்"னு (ஹெர்னா மிஸ்டர்) யாராச்சும் கூப்பிட்டா இன்னும் அப்பா பின்னாடி நிக்கிறாரோன்னு திரும்பிப் பாப்பேன். பொண்ணு பொறந்தப்போ அவளுக்கும் அதே முருகேசன் போட்டாச்சு. நம்ம ஊர் கணக்குப்படி அவ பேரோட என் பேரு தான வரணும், இப்போ பேப்பர்படி பாத்தா அவ எனக்கு தங்கச்சி. உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

*

அண்ணா நீங்க ஐஸ்லாந்து வந்திருக்கணும், அங்க நாம தான் நார்மல். நான் ரெண்டு வருஷம் ரெய்க்யாவிக்ல படிச்சேன். அப்பா பேரு யோன்னா பையன் யோன்சன், பொண்ணு யோன்ஸ்டோட்டிர், அவ்ளோ தான், யோனோட மகன், யோனோட மகள். அடுத்த தலைமுறைக்கு அது போகாது. ஒரே வீட்டுல அப்பா அம்மா பையன் பொண்ணு நாலு பேருக்கும் நாலு கடைசிப் பேரு, கல்யாணம் ஆனாலும் யாரும் மாத்துறதில்ல. டெலிபோன் டைரக்டரியே முதல் பேர் வரிசைல தான் இருந்துச்சு. 1980ல ஜனாதிபதியா ஜெயிச்ச விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் அம்மாவ ஊரே விக்டிஸ்னு தான் சொல்லும், "திருமதி ஃபின்போகடோட்டிர்"னு நான் ஒரு தடவ சொன்னதுக்கு கிளாஸே சிரிச்சுச்சு. அப்புறம் பேரு வைக்க கமிட்டி ஒண்ணு இருக்கு, 1991ல இருந்து, லிஸ்ட்ல இல்லாத புதுப் பேரு வெக்கணும்னா அது அவங்க இலக்கணத்துல வேற்றுமை உருபு ஏத்துக்குதான்னு பாத்துட்டு தான் விடுவாங்க. நம்ம தமிழ் ஐயா இருந்தா அந்த கமிட்டில சேந்திருப்பாரு. 2019 சட்டத்துக்கு அப்புறம் மகன் மகள்னு ரெண்டுமே வேணாம்னு பதிவு பண்ணிக்கிறவங்க 'பர்'னு முடிச்சுக்கலாம், பிள்ளைன்னு அர்த்தம்.

*

எல்லாரும் ஜாலியா எழுதுறீங்க, என்னோடது கொஞ்சம் வேற மாதிரி. நான் நேப்பிள்ஸ்ல வேலை பாக்குறேன். இங்க எஸ்போசிட்டோங்குற பேரு எங்க திரும்பினாலும் இருக்கும், காய்கறிக் கடை போர்டுலயும் அதே, டாக்டர் போர்டுலயும் அதே. நல்ல ஸ்டைலான பேரா இருக்கேன்னு எங்க வீட்டுக்கார அம்மாகிட்ட சொன்னேன், அவங்க பேரும் அது தான். அவங்க ஒண்ணும் சொல்லல, ஞாயித்துக்கிழமை வான்னு அன்னுன்சியாட்டா கோயில் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க.

சுவத்துல ஒரு ஓட்டை, உள்ள மரத்துல பீப்பா மாதிரி ஒண்ணு. ராத்திரி நேரத்துல வந்து குழந்தைய அதுல வெச்சு சுத்தி விட்டா குழந்தை அந்தப் பக்கம் போயிரும், உள்ள இருக்குறவங்க எடுத்துப்பாங்க, வெளிய யாரு நின்னாங்கன்னு தெரியாது. ஓட்டையோட சைஸ பாத்தேன், பொறந்த குழந்தைக்கு ஏத்த சைஸ் தான். 1875ல தான் அத மூடுனாங்களாம். அந்தக் குழந்தைங்களுக்கு குடுத்த பேரு தான் எஸ்போசிட்டோ, வெளிய வைக்கப்பட்டதுன்னு அர்த்தம். மிலான்ல அதே மாதிரி குழந்தைங்களுக்கு கொலம்போன்னு பேரு, ஆஸ்பத்திரி சின்னம் புறா, அதனால. ஃபிளாரன்ஸ்ல இன்னொசென்டி, அங்க இருந்த இல்லத்தோட பேரே 'கள்ளமறியாதவங்க' இல்லம் தான்.

ஸ்டைலான பேருன்னு சொன்னதுக்கு ஸாரி சொன்னேன். எதுக்கு ஸாரி, எங்க பாட்டனோட பாட்டன் யாரோ அந்த ஓட்டை வழியா வந்தாரு, வந்ததால தான் நான் இருக்கேன்னாங்க. அப்புறம் காபி வாங்கிக் குடுத்தாங்க.

*

அக்கா, நீங்க எழுதுனத படிச்சதும் எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் தோணல.

நான் ப்ராக்ல இருக்கேன். இங்க புருஷன் நோவாக்னா பொண்டாட்டி நோவாக்கோவா, பொம்பளைங்களுக்கு 'ஓவா' சேப்பாங்க, டென்னிஸ் நவ்ராட்டிலோவா மாதிரி. டிவி நியூஸ்ல ஜெர்மனியோட முன்னாள் சான்சலர் மெர்க்கெல் அம்மாவக் கூட மெர்க்கெலோவான்னு சொல்லுவாங்க, முதல்ல வேற யாரோன்னு நினைச்சேன். 2022ல இருந்து பொண்ணுங்க விருப்பப்பட்டா ஓவா இல்லாமலும் வெச்சுக்கலாம்னு சட்டம் வந்திருச்சு. நோவாக்னா ஊருக்குப் புதுசா வந்தவன். எத்தன நூறு வருஷம் ஆனாலும் புதுசா வந்தவன் தான்.

ஆனா மேட்டரு அது இல்ல. செக் மொழில முழு வினைச்சொல்லையே குடும்பப் பேரா வெச்சிருக்காங்க. நவ்ராட்டில்னா "திரும்பி வந்தான்". விஸ்கோச்சில்னா "குதிச்சு வெளிய வந்தான்". டோலெசல் "படுத்துக் கெடந்தான்". எதுக்கு குதிச்சான், எங்க இருந்து குதிச்சான்னு ஒரு விவரமும் இல்ல, பேரு மட்டும் இருக்கு. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பத்தி மூணு வயசு, கைத்தடிய ஊனி ஊனி டிராம் ஸ்டாப்புக்கு இருபது நிமிஷம் நடப்பாரு. குடும்பப் பேரு போஸ்பிஷில். "அவசரப்பட்டான்"னு அர்த்தம்.

*

தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் லிஸ்பன்ல இருந்து எழுதுறேன், எங்க வீட்டுப் பேரு ஃபெர்னாண்டோ. வேலைல சேந்த முதல் நாள் பேட்ஜ் குடுத்த பையன் என் பேர ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டு, இது குடும்பப் பேரா, எங்க மாமா பேரு இதுன்னான். நான் நினைச்சுட்டு வந்தது என்னன்னா, இது போர்ச்சுகீசியப் பேரு, அங்க போனா நம்மாளு மாதிரி ஏத்துப்பாங்கன்னு. இங்க வந்தா ஃபெர்னாண்டோ முதல் பேரு, பழைய ராஜா பேரு கூட. குடும்பப் பேருன்னா ஃபெர்னாண்டஸ்னு வரும், அந்த 'எஸ்' தான் "மகன்"ங்குறதுக்கு. ரொட்ரிகோ முதல் பேரு, ரொட்ரிகஸ் குடும்பப் பேரு. 1530கள்ல எங்க கடற்கரைல பரதவர் ஊர் ஊரா ஞானஸ்நானம் வாங்குனப்போ வந்த பேருங்க, சேவியர் வந்தது அதுக்கு அப்புறம் 1542ல. அப்போ யாரோ ஒருத்தருக்கு முதல் பேரா குடுத்தது தான் எங்க கைல குடும்பப் பேரா நின்னிருக்கணும்னு நானா நினைச்சுக்கிட்டேன். ஒரு விதத்துல இதுவும் அப்பா பேரு தான், ரொம்ப பழைய அப்பா.

அப்புறம் ஆபீஸ் லிஸ்ட்ட பாத்தா ஒரு தோப்பே இருந்துச்சு. பெரேய்ரா பேரிக்கா மரம் (கொழும்புல பெரேரா ஆனது இது தான்), ஒலிவேய்ரா ஒலிவ மரம், கார்வால்யோ ஓக் மரம், சில்வா காடு. எங்க தெருவுல மச்சாடு வீடு இருக்கு, அது கோடாலி. காட்டுக்குள்ள கோடாலி, பொருத்தமா தான் இருக்கு. மரப் பேரு வெச்சிருந்தா அவங்க மதம் மாறுன யூதருங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க, ஆனா பழைய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அதே பேரு தான், பேர வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு, இங்க அம்மா குடும்பப் பேரு முதல்ல வரும், அப்பாவோடது கடைசில. ஸ்பெயின்ல வழக்கமா அப்பாவோடது முதல்ல. பிக்காசோவோட அப்பா பேரு ரூயிஸ், பிக்காசோங்குறது அம்மா வழிப் பேரு, ஓவியத்துல அத மட்டும் வெச்சுக்கிட்டாரு.

*

ஸ்வீடன் பத்தி சின்னதா. இங்க பழைய பட்டாளத்துல ஒரு கம்பெனில இருபது ஆண்டெர்சன் இருந்தா கூப்பிட்டா இருபது பேரும் திரும்புவான், அதனால சிப்பாய்க்கு சின்னதா ஒரு பேரு குடுத்திருக்காங்க. ராஸ்க்னா சுறுசுறுப்பு, மூடிக்னா தைரியம், ஸ்டோல்னா எஃகு. பல இடத்துல அந்தப் பேரு ஆளுக்கு இல்ல, அவனுக்குக் குடுத்த குடிசைக்குத் தான், அடுத்த சிப்பாய் வந்தா அதே பேரு அவனுக்கு. அப்போ ரெண்டு ராஸ்க் குடும்பம்னா சொந்தம்னு அர்த்தம் இல்ல. நான் ஆபீஸ்ல ரெண்டு பேர அண்ணன் தம்பின்னு நினைச்சு ஒரே பொறந்தநாள் கார்டுல கையெழுத்து வாங்கிட்டேன்.

*

லிஸ்பன் தம்பிக்கு, நாங்க பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரன் 1881 செப்டம்பர் 21ல ஒரு ஆணை போட்டான், நம்ம ஊர் சாதி, சொத்து வழக்கத்த எல்லாம் விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்குள்ள வர்றவங்க குடும்பப் பேரு ஒண்ணு எடுத்துக்கணும்னு. அதுல முன்னாடி நின்னவரு வக்கீல் பொன்னுத்தம்பி. 1873ல கோர்ட்டுக்கு ஷூ போட்டுட்டுப் போனதுக்கு அபராதம் போட்டாங்க, பாரீஸ் வரைக்கும் போய் ஜெயிச்சாரு. அவரு எடுத்துக்கிட்ட பேரு லா போர்த், வாசல்னு அர்த்தம். எங்க தாத்தாவுக்குத் தாத்தா எடுத்தது ஒரு சாதாரண பிரெஞ்சு முதல் பேரு. பாரீஸ்ல போன்ல பேசுறவங்க என்ன பிரெஞ்சுக்காரின்னே நினைச்சு வீடு காட்டக் கூப்பிடுவாங்க, நேர்ல போனதும் லிஸ்ட்ட எடுத்து பேர திரும்ப ஒரு தடவ பாப்பாங்க.

*

புடாபெஸ்ட்: இங்க நம்ம இனிஷியல் மாதிரி குடும்பப் பேரு முன்னாடி தான். ஃபுட்பால் வீரர் புஷ்காஷ் இங்க புஷ்காஷ் ஃபெரென்ட்ஸ், ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ் இல்ல. ஃபார்ம்ல நான் கரெக்டா எழுதுன ஒரே நாடு.

சரி அண்ணா, அன்னைக்கு பூட்டு திறக்க வந்தவரு பேரு என்ன, அத சொல்லவே இல்லையே?

*

பெக்கர். ரொட்டி சுடுறவர். ரெண்டு நிமிஷத்துல திறந்துட்டு 160 யூரோ வாங்கிட்டுப் போனாரு.