கெண்டைச்சதை பெருத்த பையன்: கோளாறு கல்லீரலிலா, தசையிலா?

பிசியோ_நெல்லிக்குப்பம்:
ஆறு வயதுப் பையன், 18 கிலோ. நுனிக்காலில் நடக்கிறான். கெண்டைச்சதை கல் மாதிரி பெருத்திருக்கிறது. தரையிலிருந்து எழ, குப்புறத் திரும்பி, முழங்கால், தொடை என்று தன் உடம்பையே கையால் பிடித்து ஏறுகிறான். கல்லீரல் டெஸ்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்சைம்கள் 200-க்கு மேல், காமாலையைக் காட்டும் பிலிருபின் சரி. வீட்டில் காமாலை என்று மூன்று மாதமாகக் கீழாநெல்லி. அடுத்து எந்த டெஸ்ட்? என்ன பயிற்சி கொடுக்கலாம்?

கெடிலக்கரை:
கீழாநெல்லியை நிறுத்துங்கள். அந்த இரண்டு என்சைமும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். தசையில் இல்லாத கல்லீரல் என்சைமான ஜிஜிடி பாருங்கள், அது சரியாக இருந்தால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டாம். கூடவே தசை என்சைமான சிபிகே. சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருப்பது, டுஷென் என்ற பரம்பரைத் தசைச்சிதைவு நோயில் பெரும்பாலும் 10,000-ஐத் தாண்டும். அப்படி வந்தால் நேரே கோரிமேடு ஜிப்மர், நியூராலஜி. எம்எல்பிஏ ரத்தப் பரிசோதனையில் தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் புரதத்தின் ஜீனில் துண்டு விடுபட்டதா, இரட்டித்ததா என்று பார்ப்பார்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்; மீதிப் பேருக்கு ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங். இது அம்மா வழியாக வரக்கூடியது என்பதால் அம்மாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த பிள்ளைக்கு முன்பே.

கால்_கை_பயிற்சி:
வலுவேற்றும் பயிற்சி வேண்டவே வேண்டாம். தோப்புக்கரணம், எடை தூக்குவது, படி இறங்குவது எல்லாம் நீளும்போதே சுருங்கும் தசையைக் கிழிக்கும். சில்வர் பீச் மணலில் ஓடவிடுவதும் அப்படித்தான். விளையாடிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி.

குதிகால் தசைநாணை நீட்டுவதுதான் முக்கியம். முழங்கால் நேராக இருக்கட்டும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தில் பதித்து மேல்நோக்கி அழுத்துங்கள். 15 விநாடி, பத்து முறை, இரண்டு காலும், தினமும். முன்பாதத்தை மட்டும் தள்ளினால் பாதம் நடுவில் மடங்கும், குதிகால் நகராது. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ராத்திரி பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தும் ஸ்பிளின்ட் (கட்டை). அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள் வலுவில்லாததால் பிள்ளை வழுக்கி விழும்.

பிசியோ_நெல்லிக்குப்பம்:
ஸ்டீராய்டு? வீட்டில் பயப்படுகிறார்கள்.

கெடிலக்கரை:
பயம் நியாயம்தான்: எடை கூடும், எலும்பு மெலியும், உயரம் குறையும். ஆனால் நடக்கும் காலம் நீளும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு வழக்கமாக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.75 மி.கி.; இவனுக்கு 13.5 மி.கி. வரும், முடிவு டாக்டருடையது. காலையில் சாப்பிட்டபின். அம்மைத் தடுப்பூசி பாக்கி இருந்தால் தொடங்குமுன் போட வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. இதயத்துக்கு ஆண்டுக்கொரு எக்கோ ஸ்கேனும் உண்டு.

ஒன்று விட்டுப்போயிற்று. பையனின் மருத்துவ நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: ‘மயக்க மருந்தில் சக்சினைல்கோலின் கூடாது.’ பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். பல் பிடுங்கப் போனாலும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.