முதுகெலும்புத் திருகும் 2 மில்லிமீட்டரும்

இந்திராநகர் கார்த்திக்:
கண்முன் இருப்பதன் மேலேயே கணினிப் படத்தைக் காட்டும் மிகைமெய்க் (augmented reality) கண்ணாடியை மருத்துவர் அணிந்து அறுவை செய்தால், முதுகெலும்பில் போடும் திருகு தவறவே தவறாது. அமெரிக்காவில் 2019 டிசம்பரிலேயே இதற்கு எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) அனுமதி கிடைத்தது. 2020 ஜூனில் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நோயாளிக்கே செய்துவிட்டார்கள். பெங்களூரில் இன்னும் பலர் பழைய திரையையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அல்சூர் செல்வம்:
தவறவே தவறாதா? அறுவை அரங்கில் 14 ஆண்டுகள், அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே இயக்கியவன் நான். திருகு சரியாக அமைந்ததா என்று மதிப்பிடும் கெர்ட்ஸ்பைன்-ராபின்ஸ் தரவரிசையில் ‘ஏ’ என்றால் திருகு முழுவதும் எலும்புக்குள் இருக்கிறது. ‘பி’ என்றால் எலும்பைத் துளைத்து 2 மி.மீ.க்குள் வெளியே வந்திருக்கிறது. பல ஆய்வுகள் இரண்டையும் கூட்டித்தான் துல்லியம் என்கின்றன. அந்த 2 மி.மீ.க்குப் பதில் சொல்லுங்கள்.

இந்திராநகர் கார்த்திக்:
கையால் போட்டாலும் ரோபோ போட்டாலும் அதே அளவுகோல்தானே அண்ணா? கண்ணாடியில் சி.டி. படம் முதுகின் மேலேயே தெரிகிறது. மருத்துவர் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை.

அல்சூர் செல்வம்:
தலையைப் பற்றி நான் கேட்கவில்லை. எலும்பில் கவ்வவைத்த குறியை நம்பித்தான் அந்தப் படம் நிற்கிறது. யாருடைய முழங்கையாவது பட்டுக் குறி நகர்ந்தால் படமும் நகரும். சதையைத் திறந்த அறுவையில் எலும்பு கண்ணுக்குத் தெரியும். சிறு துளை அறுவையில் எதைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பது? நடுமார்பு எலும்பில் பெடிக்கிள் என்ற காம்பு சிலருக்கு 4, 5 மி.மீ. அகலம்தான். பக்கத்திலேயே தண்டுவடம். அங்கே 2 மி.மீ. சிறிய அளவா?

மல்லேஸ்வரம் வசந்தி:
முதலில் ‘மிகைமெய்’ என்பதே பிழை. மிகை என்றால் அளவுக்கு மீறியது. ‘இணைப்பு மெய்ம்மை’ என்று எழுதுங்கள்.

இந்திராநகர் கார்த்திக்:
அம்மா, சொல்லாராய்ச்சி பிறகு. செல்வம் அண்ணாவுக்குப் புதிய கருவி எதுவுமே ஆகாது. சங்க நூலகத்துக்குக் கணினி வேண்டாம் என்று நின்றவரும் இவர்தான்.

அல்சூர் செல்வம்:
நூலகத்தை இங்கே இழுக்காதே தம்பி. அன்று நான் பேசும்போது ஒலிவாங்கியைப் பிடுங்கியவன் நீ; அதை நான் மறக்கவில்லை. இப்போதும் கேட்டதற்குப் பதில் இல்லை. ‘ஏ’ தனியாக எத்தனை, ‘பி’ தனியாக எத்தனை?

ஜெயநகர் ராமன்:
என் தாயாருக்கு இடுப்பில் நான்கு திருகுகள் போட்டார்கள், கண்ணாடி இல்லாமலேயே. இன்று லால்பாக் முழுவதும் நடக்கிறார்.

இந்திராநகர் கார்த்திக்:
மகிழ்ச்சி ஐயா. ஒருவர் நடப்பது ஆதாரம் ஆகாது.

அல்சூர் செல்வம்:
ஹாப்கின்ஸில் ஒருவருக்குச் செய்தது மட்டும் ஆதாரமா? 2 மி.மீ., தம்பி. அதைச் சொல்.

மல்லேஸ்வரம் வசந்தி:
‘மிகை’ பற்றி நான் சொன்னதற்கும் யாரும் பதில் எழுதவில்லை.