1,000 ரூபா நாட்சம்பளமும் கடைச் சாமானும்: கணக்குப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஹட்டனிலிருந்து:
இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா. 2024 செப்டெம்பரில் ஆகக் குறைந்தது 1,350. கூடியதா, குறைந்ததா? கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் (குடும்பங்கள் வாங்கும் சாமான்களின் விலையேற்றத்தை அளக்கும் எண்) 2022 செப்டெம்பரில் ஒரே வருசத்தில் 69.8 வீதம் ஏறியது. 2023 செப்டெம்பரில் இன்னும் 1.3 வீதம் ஏற்றம், 2024இல் 0.5 வீதம் இறக்கம். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 1.698 × 1.013 × 0.995 = 1.711. 1,350ஐ இதனால் வகுத்தால் 789. 2021 செப்டெம்பரில் 789 ரூபாவுக்குக் கிடைத்த சாமான்தான் இந்த 1,350க்கு. பழைய ஆயிரத்துக்கு ஈடு 1,711.

பண்டாரவளையிலிருந்து:
கணக்குச் சரி அண்ணே. ஆனால் அது கொழும்புக் குடும்பங்களின் செலவை வைத்த சுட்டெண். லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) பெரும்பங்கு கோதுமை மா, அரிசி, பருப்பு, எண்ணெய்க்கே போகிறது. அதே 2022 செப்டெம்பரில் உணவு மட்டும் 94.9 வீதம் ஏறியது. உணவுக்கு வைத்த 1,000 ரூபா 513க்குத்தான் பெறுமதி. அதனால் சொந்தச் சுட்டெண் ஒன்று போடுங்கள். கடனுக்கு வாங்கும் கடைக் கொப்பி போதும். பத்துச் சாமான், ஒவ்வொன்றுக்கும் மாத அளவு. அந்த அளவைப் பழைய விலையாலும் இன்றைய விலையாலும் பெருக்கி, இன்றைய மொத்தத்தைப் பழைய மொத்தத்தால் வகுக்கணும்.

பிழை வருவது அளவில்தான். பருப்பு மாதம் 4 கிலோவிலிருந்து 2 கிலோவாகக் குறைந்த வீட்டில், செலவுத் தொகையை மட்டும் பார்த்தால் விலை ஏறாத மாதிரித் தெரியும். பிள்ளையின் தட்டில் குறைந்தது கணக்கில் வராது. பழைய அளவையே வைத்துப் பெருக்குங்கள். பக்கெட் சிறுத்திருந்தால் கிலோ விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையிலிருந்து:
ஊழியர் சேமலாப நிதியையும் (ஓய்வுக்காகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பணம்) இப்படியே பார்க்கலாம். 2022க்கு வட்டி 9 வீதம், டிசம்பர் பணவீக்கம் 57.2. பலர் 57இலிருந்து 9ஐக் கழித்து 48 வீதம் போய்விட்டது என்கிறார்கள். அது பிழை. 1.09ஐ 1.572ஆல் வகுத்தால் 0.693, அதாவது நூற்றுக்கு 31 ரூபா இழப்பு. 2023இல் வட்டி 13, பணவீக்கம் 4 வீதம், நல்ல வருசம்தான். அப்படியும் இரண்டு வருசத்தையும் பெருக்கினால் 0.753. பணவீக்கம் இறங்கினால் ஏற்றம் மெதுவாகிறது, அவ்வளவுதான். ஏறிய விலை அங்கேயே நிற்கிறது.

ஹட்டனிலிருந்து:
சீட்டுப் பிடிக்கும் அக்காமாருக்கும் இது பொருந்தும். 12 பேர், மாதம் 5,000, குலுக்கல் சீட்டு. விலை மாதம் 2 வீதம் ஏறினால் கடைசி ஆள் எடுக்கும் 60,000 ரூபா, முதல் மாத விலையில் ஏறக்குறைய 48,250தான் பெறும். விலை ஓடும் காலத்தில் முன்வரிசை எடுப்பவர் கடைசி ஆளுக்கு ஏதாவது கூட்டிக் கொடுப்பது என்று சீட்டு தொடங்கும்போதே பேசி எழுதிவைப்பதுதான் நியாயம்.