கேடி-1000: நல்ல முட்டியிலும் இடது கால் 3 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது, ஏன்?

பயிற்சி_பிசியோ:
வணக்கம். பிசியோதெரபி இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக முழங்கால் தளர்வை அளக்க வேண்டும். துறையில் கிடந்த பழைய கேடி-1000 ஆர்த்ரோமீட்டரைக் கொடுத்திருக்கிறார்கள். ஏசிஎல் (கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் முட்டித் தசைநார்) கிழிந்தவர்களிடம் போவதற்கு முன் கை பழகட்டும் என்று, முட்டியில் குறை ஏதும் இல்லை என்று சொன்ன எட்டு வகுப்புத் தோழர்களை அளந்தேன். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

134 நியூட்டன் விசையில் கீழ்க்காலை முன்னுக்கு இழுத்தால் வலது கால் 6, 6.5 மி.மீ. நகர்வதாக வருகிறது. இடது கால் 9, 9.5. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு இதே கதை. ஒருவனுக்கு மட்டும் இரண்டு காலும் 9. இரு கால்களுக்கும் 3 மி.மீ. வித்தியாசம் வந்தாலே ஏசிஎல்லைச் சந்தேகப்பட வேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம். ஏழு பேருக்கும் இடது ஏசிஎல் போய்விட்டதா என்ன!

தொடைக்கு அடியில் தாங்கி வைத்து, முட்டி 25 டிகிரி மடங்கியிருப்பதைக் கோனியோமீட்டரில் பார்த்துக்கொண்டேன். பாதத் தாங்கியும் உண்டு. கருவியின் அம்புக்குறியை மூட்டுக் கோட்டுக்கு நேராகத்தான் வைத்தேன். கருவி கெட்டுவிட்டதா? அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும்.

ஸ்குரூ_டிரைவர்:
மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவன் நான். எது இடது கால், எது வலது கால் என்று கருவிக்குத் தெரியாது தம்பி. விசை அளவு தப்பியிருந்தால் இரண்டு காலிலும்தான் தப்பும். சந்தேகம் இருந்தால் கைப்பிடியில் ஒரு தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பாருங்கள். 67, 89, 134 நியூட்டனில் பீப் சத்தம் வர வேண்டும். (இதென்ன விநோதமான எண்கள் என்று நானும் முதலில் தலையைச் சொறிந்திருக்கிறேன். 15, 20, 30 பவுண்டு, அவ்வளவுதான்.)

மாடிப்படி:
ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கம். தொடையின் பின்தசையைத் தளர்த்தச் சொல்லிவிட்டு அளந்து பாருங்கள். பாதி கேஸ் இதுதான்.

பழைய_கை:
ஹாம்ஸ்ட்ரிங் இறுகினால் கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். அளவு குறையும், கூடாது. ஏழு பேரும் சொல்லிவைத்தாற்போல் வலது காலை மட்டும் இறுக்கிக்கொண்டார்கள் என்பதை நம்ப முடியவில்லை. மூன்று கேள்வி. இடது காலை அளக்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்? எந்தக் கையால் இழுக்கிறீர்கள்? டயலை எப்போது படிக்கிறீர்கள்?

பயிற்சி_பிசியோ:
வலது காலுக்கு அவர்களின் வலப்பக்கம், இடது காலுக்கு இடப்பக்கம். நான் வலக்கைக்காரன். வலப்பக்கம் நிற்கும்போது இடக்கை முட்டிச் சில்லின் மேலுள்ள பேடில், வலக்கை கைப்பிடியில். இடப்பக்கம் போனால் கை மாறிவிடுகிறது. பீப் கேட்டதும் நிமிர்ந்து டயலைப் பார்ப்பேன்.

பழைய_கை:
பிடிபட்டது என்று நினைக்கிறேன். அந்த டயல் கீழ்க்கால் எலும்பை மட்டும் அளப்பதில்லை. சில்லின் மேல் ஒரு பேடு, கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரு பேடு. இரண்டுக்கும் இடையிலான நகர்வைத்தான் முள் காட்டுகிறது. எலும்பு முன்னால் வந்தாலும் முள் நகரும், சில்லு உள்ளே அமுங்கினாலும் அதே திசையில்தான் நகரும்.

இடப்பக்கம் நிற்கும்போது உங்கள் பலமான கை சில்லின் மேல் இருக்கிறது. இடக்கை கஷ்டப்பட்டு இழுக்கும்போது வலக்கை தன்னை அறியாமல் கூடுதலாக அழுத்தும். சோதித்துப் பாருங்கள்: கருவியைக் கட்டி, முள்ளைச் சுழியத்தில் வைத்து, இழுக்கவே இழுக்காமல் சில்லை மட்டும் அழுத்துங்கள்.

இன்னொன்று, பீப்புக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தால் அதற்குள் கை 150ஐத் தாண்டியிருக்கும். கண் முதலிலிருந்தே டயலில் இருக்கட்டும். சுழியத்தையும் ஒரே தடவையில் நம்பாதீர்கள். நாலைந்து முறை தள்ளி இழுத்து விட்டு, முள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

நொண்டி_குதிரை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் நோயாளி. எனக்கு இதே கருவியில் 4 மி.மீ. வித்தியாசம் என்றார்கள். ஆபரேஷன் கட்டாயமா?

மாடிப்படி:
அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். இது முன்பின் நகர்வை மட்டும் பார்க்கும், மூட்டு திருகுவதைப் பார்க்காது. நடக்கும்போதோ திரும்பும்போதோ கால் சட்டென்று விட்டுப்போகிறதா என்பதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் வேலை, விளையாட்டு எல்லாம் சேர்ந்துதான் முடிவு. (மேலே ஹாம்ஸ்ட்ரிங் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

பயிற்சி_பிசியோ:
பழைய_கை சார், அப்படியே நடந்தது! இழுக்காமல் சில்லை அழுத்தியதற்கே முள் 2 மி.மீ.க்கு மேல் ஓடியது. ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது.

இப்போது சுழியம் வைப்பதற்கு முன்பே சில்லை நன்றாக அழுத்தி, அதே அழுத்தத்தைக் கடைசிவரை விடாமல் பிடிக்கிறேன். இரண்டு காலுக்கும் வலப்பக்கமே நின்று, ஒரே கையால் இழுக்கிறேன். டயலைத் தோழி படித்து எழுதிக்கொள்கிறாள், நான் எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் கருவியைக் கழற்றி மாட்டி, மூன்று தடவை. ஏழு பேருக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது.

ஆனால் எட்டாவது ஆள்! முன்பு இரண்டு காலும் 9 என்று வந்தவன். இப்போது இடது 6, வலது 9. மூன்று தடவையும் அதேதான்.

பழைய_கை:
அவர் வலது முட்டியில் எப்போதாவது அடிபட்டாரா என்று கேளுங்கள். உங்கள் பிழை இடது காலில் 3 கூட்டி, அவருடைய நிஜ வித்தியாசத்தை மறைத்திருக்கலாம். கருவியை ஓரமாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவரை லாக்மன் பரிசோதனை (முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை வெறும் கையால் முன்னுக்கு இழுத்துப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். எண்ணை முன்கூட்டி அவரிடம் சொல்ல வேண்டாம். கடைசியில் கயிறு இறுகுவதுபோல் நிற்கிறதா, கொழகொழவென்று போகிறதா என்பது கைக்குத்தான் தெரியும்.

பயிற்சி_பிசியோ:
கேட்டேன். இரண்டு வருடம் முன்பு ஃபுட்பாலில் முட்டி திருகி, 'டப்' என்று சத்தம் கேட்டு, வீங்கி, ஐஸ் வைத்துச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டானாம். எங்கள் மேடம் லாக்மன் பார்த்தார். வலது பக்கம் முடிவே இல்லாமல் போகிறது என்றார். எம்ஆர்ஐக்கு எழுதிக்கொடுக்க ஆர்த்தோ டாக்டரிடம் நாளை கூட்டிப்போகிறோம். 'குறை இல்லாதவர்கள்' பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிட்டேன். இன்னொரு ஆள் தேட வேண்டும்.