வெள்ளவத்தையில் மேல்மாடி அறை: எந்த உள்ளூர் மரம் எடுப்பது?

வெள்ளவத்தைக்காரி:
அப்பா கட்டின ஒற்றைமாடி வீடு, ஆறு பேர்ச் காணி. மேலே ஒரு அறையும் சின்ன விறாந்தையும் போட வேணும். பழைய அத்திவாரம் கொங்கிறீற் சிலாப் தாங்காது, மரத்தில் போடுங்கோ என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். இறக்குமதி மரம் எனக்கு வேண்டாம். இறப்பர், தென்னை, பலா இதில் எது சரி? கடல் கிட்ட, உப்புக்காற்று. கறையானும் இருக்கு.

ஓடாவி மகன்:
தங்கச்சி, ஒரே மரத்தில் முழு அறையையும் கட்ட நினைக்காதேங்கோ. நனையிற இடத்துக்கு ஒன்று, நனையாத இடத்துக்கு இன்னொன்று.

தளம் தாங்கும் வளைகளுக்குத் தென்னை. காய்ப்பு ஓய்ந்த, 60 வருசம் தாண்டின மரமாக இருக்க வேணும். தென்னைக்கு வைரம் வெளிப்புறத்தில், நடுவில் மெதுவான சோத்தி. மரக்காலையில் வெட்டுமுகத்தைப் பாருங்கோ: கரும்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் எடுங்கோ. வெளிறி, நகத்தால் அழுத்தக் குழி விழுந்தால் விட்டிடுங்கோ.

இறப்பர் மரத்தைக் களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வற்றினதும், 25–30 வருசத்தில், மறுநடுகைக்காக எப்படியும் தறிக்கினம். காட்டில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் மாவும் சீனியும் நிறைஞ்ச மரம். தறிச்ச சில நாளிலேயே பூஞ்சணத்தால் நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரன் மருந்து ஏற்றி, சூளையில் காயவைச்சதை மட்டும் வாங்குங்கோ. போரன் மழையில் கரைஞ்சு போகும். ஆனபடியால் தளப்பலகை, உட்சுவரோடு நிறுத்துங்கோ.

விறாந்தைத் தூணுக்கும் யன்னல் நிலைக்கும் பலா வைரம். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் தறிக்க அனுமதி வேணும், 1951ஆம் ஆண்டுச் சட்டம். பேர்மிட் கேட்டு வாங்குங்கோ. இடிச்ச பழைய வீட்டு நிலை கிடைச்சால் நான் அதைத்தான் முதலில் எடுப்பன்.

மொறட்டுவை மாணவன்:
அண்ணை சொன்னதோடு ஒன்று. காய்ந்த மரத்தின் எடையில் பாதி காபன். 500 கிலோ மரம் கிட்டத்தட்ட 900 கிலோ காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்திருக்கும். சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே அந்த வாயுவை வெளிவிடும். ஆனால் மரம் உக்கினால் பிடித்ததெல்லாம் திரும்பிப் போய்விடும். அதனால் கூரையை நல்லா வெளியே நீட்டுங்க அக்கா. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் சாரல் கடற்பக்கச் சுவரில்தான் அடிக்கும். ஓட்டுக்குக் கீழே தும்புப் பலகை போட்டால் வெக்கையும் குறையும். ஆணி, ஸ்குரூ எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு.

வெள்ளவத்தைக்காரி:
இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய உதவி. கறையானுக்கு?

ஓடாவி மகன்:
மருந்தை மட்டும் நம்பாதேங்கோ. கறையான் நிலத்திலிருந்து சுவர் வழியாக ஏறும். பழைய சுவரின் தலையில் நாகத்தகடு விரிச்சு, இரண்டு விளிம்பையும் கீழ்நோக்கி மடிச்சு, அதுக்கு மேலே மரத்தை வையுங்கோ. தகட்டைச் சுற்றித்தான் மண்புற்று கட்டும், உடனே கண்ணில் படும். மாதத்தில் ஒருக்கா ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ.